கரண்ட் போனதும் "கிரிட் ஃபெயிலியர்" என்பதற்கு முன்: தேசிய மின் தொகுப்பு பற்றித் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெருவில் கரண்ட் போன பத்து நிமிடத்தில் யாராவது ஒருவர் "கிரிட் ஃபெயிலியராம்" என்று சொல்லிவிடுவார். அநேகமாக அது தவறு. நம் வீட்டுக்கு வரும் மின்தடைகளில் பெரும்பாலானவை தெருமுனை டிரான்ஸ்பார்மரிலோ, துணைமின் நிலையத்திலிருந்து வரும் 11 கிலோவோல்ட் ஃபீடர் என்னும் விநியோகக் கம்பியிலோ, மரம் விழுந்து அறுந்த கம்பியிலோ தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். கிரிட் என்பது தேசிய மின் தொகுப்பு, அதாவது நாட்டின் மின் நிலையங்களையும் உயர் அழுத்தக் கம்பிகளையும் ஒன்றாக இணைத்த வலை. அது உண்மையிலேயே விழுந்தால் ஒரு தெருவோடு நிற்காது, பல மாநிலங்கள் சேர்ந்து இருளும்.

இந்தக் குழப்பத்தைச் சின்ன விஷயமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. யார் எதற்குப் பொறுப்பு என்று தெரியாவிட்டால் கேள்வி தவறான வாசலில் போய் நிற்கும், பதில் சொல்ல வேண்டியவர் நிம்மதியாக இருப்பார். அதனால், செய்தி படிக்கும்போதும் பேசும்போதும் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகளை இந்தியத் தொகுப்பை வைத்தே பார்ப்போம்.

கம்பியின் சொந்தக்காரரும் இயக்குபவரும் ஒருவர் என்று நினைப்பது

மாநிலங்களுக்கு இடையே ஓடும் உயர் அழுத்தக் கோபுரங்களில் பெரும்பகுதி பவர் கிரிட் கார்ப்பரேஷனுடையது. 1989இல் தொடங்கிய நிறுவனம் அது. ஆனால் அந்தக் கம்பிகளில் எவ்வளவு மின்சாரம் போகலாம், எந்த நிலையம் கூட்ட வேண்டும், எது குறைக்க வேண்டும் என்று நொடிக்கு நொடி பார்ப்பது வேறு நிறுவனம்: கிரிட் கன்ட்ரோலர் ஆஃப் இந்தியா, சுருக்கமாக கிரிட் இந்தியா. 2022 நவம்பர் வரை அதன் பெயர் பொசோகோ. 2009இல் பவர் கிரிட்டின் துணை நிறுவனமாகத் தொடங்கியதை 2017இல் தனியாகப் பிரித்தார்கள். அது சரியான முடிவு. யாருடைய மின்சாரத்துக்கு வழிவிடுவது என்று தீர்மானிப்பவருக்கு அந்தக் கம்பியில் சொந்த லாபம் இருக்கக் கூடாது.

கிரிட் இந்தியாவின் கீழ் டெல்லியில் தேசிய லோடு டெஸ்பாட்ச் சென்டர், அதாவது மின்சுமையைப் பங்கிட்டு இயக்கும் மையம், இருக்கிறது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஷில்லாங், பெங்களூரு என ஐந்து மண்டல மையங்கள். தென்னிந்தியாவைப் பார்ப்பது பெங்களூரு. அதற்கும் கீழே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி மையம், தமிழ்நாட்டுக்கு அது சென்னையில். மாநிலத்துக்குள் கம்பி தமிழ்நாடு மின் தொடரமைப்புக் கழகத்துடையது, வீட்டுக்குக் கொண்டுவந்து பில் போடுவது மின் பகிர்மானக் கழகம். இந்த டெஸ்பாட்ச் மையங்கள் எதுவும் மின்சாரத்தை வாங்கி விற்க முடியாது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் அதை அனுமதிப்பதில்லை.

இதனோடு ஒட்டிய இன்னொரு தவறு உண்டு. "மத்திய தொகுப்பிலிருந்து வர வேண்டிய மின்சாரம் குறைந்தது" என்று செய்தி வந்தால், கிரிட் இந்தியா தன் கையிலிருந்து கொடுக்கவில்லை என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அந்தத் தொகுப்பு என்பது என்டிபிசி, என்எல்சி, அணுமின் கழகம் போன்ற மத்திய அரசு நிறுவனங்களின் நிலையங்களில் மாநிலங்களுக்கு ஒதுக்கப்பட்ட பங்கு. பங்கை ஒதுக்குவது மத்திய மின் துறை அமைச்சகம். நிலையம் பழுதாகி நின்றாலோ நிலக்கரி இல்லாவிட்டாலோ பங்கும் சேர்ந்து குறையும்.

எங்கோ கையிருப்பு இருக்கிறது என்று நினைப்பது

எல்லாத் தவறுகளுக்கும் வேர் இதுதான். நம் வீட்டுக்கு வரும் மாற்றுமின்சாரத்தை (ஏசி) கிடங்கில் வைக்க முடியாது. கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் தண்ணீரை மேலே ஏற்றி வைத்துத் தேவையானபோது இறக்கும் 400 மெகாவாட் நிலையம் உண்டு, இப்போது பேட்டரிகளும் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் நாட்டின் மொத்தத் தேவை 2024 மே 30 அன்று 250 ஜிகாவாட்டைத் தொட்டது, அதாவது இரண்டரை லட்சம் மெகாவாட். அதன் முன்னால் இந்தச் சேமிப்பு கொஞ்சம்தான். நீங்கள் மிக்ஸி போடும் அந்த நொடியில் அதற்கான மின்சாரம் எங்கோ உற்பத்தியாகியே ஆக வேண்டும்.

ஊரே கூடி வடம் பிடித்துத் தேர் இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். காஷ்மீரின் நீர்மின் நிலையமும் கூடங்குளத்தின் அணு உலையும் ஒரே வடத்தைப் பிடித்திருக்கின்றன. சிலர் சட்டென்று கையை விட்டால் தேர் உடனே நின்றுவிடாது, வேகம் மட்டும் குறையும். மற்றவர்கள் இன்னும் பலமாக இழுத்தால் பழைய வேகம் திரும்பும். மின் தொகுப்பில் அந்த வேகத்தின் பெயர் அதிர்வெண், நம் நாட்டில் 50 ஹெர்ட்ஸ். தேவை உற்பத்தியை மிஞ்சினால் அது இறங்கும், உற்பத்தி மிஞ்சினால் ஏறும். 49.90 முதல் 50.05 வரை என்பது அனுமதிக்கப்பட்ட எல்லை. 1990களில் தென் மண்டலத்தில் 48 ஹெர்ட்ஸை ஒட்டி ஓடுவது சாதாரணமாக இருந்தது. அதிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது பெரிய சாதனை, வெளியே யாரும் அதைப் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்தான்.

இந்த வேகத்தைக் காப்பதற்கு முன்கூட்டியே திட்டம் உண்டு. ஒரு நாளை 15 நிமிடம் வீதம் 96 துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் யார் எவ்வளவு உற்பத்தி செய்வார், யார் எவ்வளவு எடுப்பார் என்று முந்தைய நாளே அட்டவணை போடுகிறார்கள். அட்டவணையை மீறி எடுத்தால் கட்டணம் உண்டு. அப்படியும் நிஜம் திட்டத்திலிருந்து விலகும், ஒரு பெரிய நிலையம் திடீரென டிரிப் ஆகும், அதாவது தானாகத் துண்டித்துக்கொண்டு நிற்கும். அப்போது முதலில் சுழலும் ஜெனரேட்டர்களின் கவர்னர்கள் என்னும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகள் யாரும் சொல்லாமலே நொடிக்கணக்கில் கை கொடுக்கும். அடுத்து டெல்லியிலிருந்து தானியங்கிக் கட்டளை போய்த் தேர்ந்தெடுத்த நிலையங்களின் உற்பத்தியை ஏற்றும். அதற்கும் அப்புறம் மனிதர்கள் போன் செய்து கூட்டச் சொல்லும் மூன்றாம் அடுக்கு. எதுவும் போதாமல் அதிர்வெண் 49.4க்குக் கீழே விழத் தொடங்கினால், ரிலேக்கள் என்னும் பாதுகாப்புக் கருவிகள் தாமாகவே சில ஃபீடர்களைத் துண்டிக்கும். அப்போது உங்கள் தெரு இருளலாம். மற்ற இடங்கள் விழாமல் இருக்கக் கொடுத்த விலை அது.

2020 ஏப்ரல் 5 நினைவிருக்கும். இரவு 9 மணிக்கு 9 நிமிடம் விளக்கை அணைக்கப் பிரதமர் கேட்டுக்கொண்டார். தொகுப்பு விழுந்துவிடும் என்று ஒரு கூட்டம் பயமுறுத்தியது. விழவில்லை என்றதும், "பார்த்தீர்களா, இதெல்லாம் ஒன்றுமே இல்லை" என்றது மறு கூட்டம். இரண்டும் தவறு. தேவை 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையும் என்று கணித்திருந்தார்கள். குறைந்ததோ 31,000 மெகாவாட்டுக்கும் மேல். அதைத் தாங்கியது பெரும்பாலும் நீர்மின்சாரம்: சுமார் 25,500 மெகாவாட்டாக இருந்ததை அரை மணி நேரத்துக்குள் 8,000 மெகாவாட் அளவுக்கு இறக்கி, விளக்குகள் எரியத் தொடங்கியதும் மறுபடி ஏற்றினார்கள். அதிர்வெண் 49.70க்கும் 50.26க்கும் இடையில் ஆடியது. அந்த இரவு ஒன்றும் ஆகாமல் போனதற்குக் காரணம் தயாரிப்பு.

மின்சாரம் ஒப்பந்தத்தின் வழியே ஓடும் என்று நினைப்பது

சத்தீஸ்கர் நிலையத்திடம் தமிழ்நாடு மின்சாரம் வாங்கினால் அந்த நிலையத்து மின்சாரமே நம் வீட்டுக்கு வருவதில்லை. அவர்கள் அங்கே ஏற்றுகிறார்கள், நாம் இங்கே இறக்குகிறோம், நடுவில் மின்னோட்டம் எந்தக் கம்பியில் எதிர்ப்பு குறைவோ அதில் அதிகமாகப் போகும். விதிவிலக்கு, உயர் அழுத்த நேர்மின்சார (டிசி) கம்பி. சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூர் மாவட்டம் புகளூர் வரை 800 கிலோவோல்ட்டில் 6,000 மெகாவாட் கொண்டுவரக்கூடிய கம்பி இருக்கிறது. அதில் எவ்வளவு போக வேண்டும் என்று இயக்குபவர் எண்ணாகவே வைக்கலாம். நமக்குக் காற்று மிஞ்சும் காலத்தில் வடக்கே திருப்பியும் அனுப்பலாம்.

"கம்பியில் பாதி இடம் காலியாக இருக்கிறது, ஏன் விடவில்லை?" என்ற கேள்வியும் இந்த இடத்தில்தான் வழுக்குகிறது. அந்தக் காலி இடம் வேண்டுமென்றே விடப்பட்டது. ஏதாவது ஒரு கம்பி இந்த நொடி அறுந்தால் அதன் சுமை மற்றவற்றின் மேல் போய் ஏறும், அதைத் தாங்க இடம் வேண்டும்.

பெரும் இருட்டுக்கு ஒரே காரணம் தேடுவது

2012 ஜூலை 30 அதிகாலை 2.33க்கு வட மண்டலம் முழுதும் விழுந்தது. மறுநாள் பகல் ஒரு மணியளவில் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்றும் சேர்ந்து விழுந்தன, சுமார் 48,000 மெகாவாட் போயிற்று. 60 கோடிக்கும் அதிகமானோர் வாழும் பகுதி. "சில மாநிலங்கள் அளவுக்கு மீறி எடுத்துவிட்டன" என்பதுதான் இன்றும் பலர் சொல்லும் விளக்கம்.

அது கதையின் ஒரு பகுதி மட்டும். மழை பொய்த்த வடக்கில் தேவை ஏறியிருந்தது. மேற்கில் தேவை குறைந்து மின்சாரம் மிஞ்சியது. மேற்கிலிருந்து வடக்கே வரும் வழிகள் பல பராமரிப்பிலும் பழுதிலும் மூடிக் கிடந்தன. பீனாவிலிருந்து குவாலியருக்குப் போகும் 400 கிலோவோல்ட் கம்பிகளில் ஒன்றை 765க்கு உயர்த்தும் வேலைக்காக நிறுத்தியிருந்தார்கள். மிச்சமிருந்த ஒன்றின் மேல் சுமை ஏறியது. குறையுங்கள் என்று மண்டல மையங்கள் சொன்னதற்கு மாநிலங்கள் போதுமான அளவு செவிசாய்க்கவில்லை. கடைசியில் அந்தக் கம்பியைத் துண்டித்தது ஒரு பாதுகாப்பு ரிலே. கம்பியில் கோளாறு எதுவும் இல்லை. சுமை மிகுந்து மின்னழுத்தம் தாழ்ந்தால், தூரத்தில் ஷார்ட் ஆனது போன்ற கணக்கு ரிலேக்கு வரும், அதை நம்பி அது டிரிப் செய்தது. மறுநாளும் துண்டித்தது அதே கம்பிதான்.

இதில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. முதல் நாள் விழுவதற்குச் சற்று முன் அதிர்வெண் 49.68, மறுநாள் 49.84. அதாவது தேவைக்கும் உற்பத்திக்கும் இடையே மலையளவு பள்ளம் இல்லை. மின்சாரம் இருந்தது, வழிதான் முறிந்தது. "மின்சாரம் போதவில்லை, அதனால் விழுந்தது" என்று எழுதுபவர் புதிய மின் நிலையம் கேட்பார். தேவைப்பட்டதோ கூடுதல் கம்பி, சரியாக அமைத்த ரிலே, கட்டளைக்குப் பணியும் ஒழுங்கு.

அன்று தெற்கு தப்பியது. நம் திறமை என்று பெருமைப்பட அதில் எதுவும் இல்லை. அப்போது தென் மண்டலம் மற்றவற்றோடு நேர்மின்சார இணைப்புகள் வழியாக மட்டுமே சேர்ந்திருந்தது, தனி வேகத்தில், அதாவது தனி அதிர்வெண்ணில், ஓடியது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் கம்பி வந்த பிறகுதான் நாடு முழுதும் ஒரே அதிர்வெண் ஆனது. அதனால் நமக்கு வெளியிலிருந்து வாங்கவும் காற்றாலை மின்சாரத்தை விற்கவும் வழி அகலமாயிற்று. வடக்கில் விழுந்தால் இங்கே உணரும் வாய்ப்பும் சேர்ந்தே வந்தது.

நிறுவுதிறனைத் தேவையிலிருந்து கழிப்பது

2024 மார்ச் இறுதியில் நாட்டின் நிறுவுதிறன், அதாவது எல்லா நிலையங்களும் முழு அளவில் ஓடினால் தரக்கூடிய மின்சாரம், சுமார் 442 ஜிகாவாட், உச்சத் தேவை 250. அப்படியென்றால் 190 சும்மா கிடக்கிறதா? இல்லை. சூரிய மின்பலகை இரவு எட்டு மணிக்கு எதுவும் தராது. முப்பந்தல் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை கொட்டும், ஜனவரியில் அடங்கிவிடும். அனல் நிலையங்களில் எப்போதும் சில பழுதில் நிற்கும். அதனால் கேட்க வேண்டிய கேள்வி: சூரியன் இறங்கிய பின் மாலை ஏழிலிருந்து பத்துக்குள் எவ்வளவு கிடைக்கும்?

காற்றாலையை நிறுத்தச் சொல்வதும் இதன் மறுபக்கம். காற்று பலமாக வீசும் நள்ளிரவில் தேவை குறைவு, அனல் நிலையத்தை ஓர் அளவுக்குக் கீழே இறக்க முடியாது, வெளியே கொண்டுபோகும் கம்பியும் நிறைந்திருந்தால் வேறு வழி இருக்காது. ஆனால் எல்லா நிறுத்தமும் அப்படித்தான் என்று சொல்லவும் கூடாது. தொழில்நுட்பக் காரணமா, விலை குறைந்த இடத்தில் வாங்குவதற்காகவா என்று ஒவ்வொரு முறையும் காரணம் கேட்க நமக்கு உரிமை உண்டு.

அதிர்வெண் சரியென்றால் எல்லாம் சரி என்பது

அதிர்வெண் நாடு முழுதும் ஒன்று, மின்னழுத்தம் இடத்துக்கு இடம் வேறு. நள்ளிரவில் சுமை இறங்கும்போது நீண்ட உயர் அழுத்தக் கம்பிகளில் மின்னழுத்தம் தானே ஏறும். அதை அடக்க ரியாக்டர்கள் என்னும் கம்பிச்சுருள் கருவிகளைச் (அணு உலை அல்ல) சேர்ப்பார்கள், சில நேரம் நல்ல கம்பியையே திறந்து வைப்பார்கள். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் நடுப்பகலில் இருண்டபோது, மின்னழுத்தம் கட்டுக்கு மீறி ஏறி நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலகியதுதான் காரணம் என்று விசாரணை சொன்னது. வீட்டில் விளக்கு மங்கினால் மட்டும் தேசியத் தொகுப்பைத் தேடாதீர்கள். அது உங்கள் டிரான்ஸ்பார்மரின் சுமை, புகாரை உள்ளூர் மின்வாரிய அலுவலகத்தில் கொடுங்கள்.

ஸ்விட்ச் போட்டால் திரும்ப வந்துவிடும் என்பது

முழுதும் விழுந்த தொகுப்பை எழுப்புவது மெதுவான வேலை. அனல் நிலையம் தன் பம்புகளையும் விசிறிகளையும் ஓட்டவே வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். அதனால் டீசல் ஜெனரேட்டரின் உதவியோடு தானே எழக்கூடிய நீர்மின் நிலையத்தில் தொடங்குவார்கள். அதிலிருந்து ஒரு கம்பிக்கு உயிர் கொடுத்து, கொஞ்சம் சுமை சேர்த்து, பக்கத்து அனல் நிலையத்துக்கு மின்சாரம் கொண்டுபோவார்கள். இப்படிச் சிறு சிறு தீவுகளாக எழுப்பி, வேகம் ஒத்துப்போகும் நொடியில் ஒன்றோடொன்று இணைப்பார்கள். அவசரப்பட்டு ஒரு பெரிய ஊரைச் சேர்த்தால் அந்தத் தீவு மறுபடி விழும். 2012இல் முதல் நாள் வடக்கு முழுதும் மீள மாலை நான்கு மணி ஆயிற்று. நின்றுபோன அணு உலைகள் திரும்பி வர அதைவிட நேரம் எடுக்கும்.

அந்த நேரத்தில் நம் கையிலும் ஒரு வேலை இருக்கிறது. கரண்ட் போனபோது ஓடிக்கொண்டிருந்த ஏசி, தண்ணீர் மோட்டார், ஹீட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் மின்சாரம் வந்த அந்த நொடியில் ஊரில் உள்ள அத்தனையும் ஒன்றாக இழுக்கும், வழக்கமான சுமையைவிட அது அதிகமாகவே இருக்கும். ஒரு விளக்கை மட்டும் போட்டு வையுங்கள். அது எரிந்து பதினைந்து நிமிடம் நிலையாக இருந்தபின் ஒவ்வொன்றாகப் போடலாம்.