ஃப்ளூ ஊசி: கடைக் கவுண்டரில் கேட்ட தவறுகளும் நான் செய்த ஒன்றும்

மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கத்துச் சனங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டு, பஸ் ஏறும் முன் சீட்டை நீட்டும் இடம். மூன்று வருடத்துக்கு முன்னால் செக்கானூரணியிலிருந்து ஒரு அக்கா தன் இரண்டு பிள்ளைகளுக்கும் ஃப்ளூ தடுப்பூசிச் சீட்டோடு வந்தார். விலையைக் கேட்டதும் தயங்கினார். நான் யோசிக்காமல் வாயை விட்டேன். "போட்டு விடுங்கக்கா, வருசம் பூரா சளி, காய்ச்சல் எதுவும் அண்டாது."

போட்டார். ஐப்பசியில் சின்னவனுக்கு மூக்கு ஒழுகியது. மறுவருடம் சீட்டு கொண்டுவரவில்லை, கேள்விதான் கொண்டுவந்தார். "என்ன தம்பி, அண்டாதுன்னீங்க?"

அந்த ஊசி அதன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கும். பொய் சொன்னது நான். ஃப்ளூ ஊசி வேண்டாம் என்பவர்களைப் பற்றிப் பேசும்போது வதந்தி, அறியாமை என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். என் கணக்கில், ஒரு முறை போட்டுக்கொண்டு அப்புறம் விட்டவர்களில் பாதிப் பேரைக் கெடுத்தது என்னைப் போன்றவர்கள் கூட்டிச் சொன்ன வாக்குறுதிதான்.

எல்லாவற்றையும் 'சளிக் காய்ச்சல்' ஆக்குவது

நம் பக்கம் "மேலுக்கு முடியலை" என்றால் எதுவாகவும் இருக்கலாம். சாதாரணச் சளியை உண்டாக்கும் வைரஸ்கள் மட்டும் 200-க்கு மேல். ஃப்ளூ என்பது இன்ஃப்ளூயன்சா என்ற தனி வைரஸ். மனிதர்களிடம் வருடா வருடம் சுற்றுவது ஏ வகையில் எச்1என்1, எச்3என்2 என்ற இரண்டும், பி வகையும்தான். ஊசி தடுப்பது இவற்றை மட்டும். மழை மாதங்களில் மதுரையில் கூடவே வரும் டெங்குவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டைபாய்டுக்கும் இல்லை.

ஃப்ளூவையும் முழுசாகத் தடுக்காது. அந்த வருடம் சுற்றும் வைரஸோடு ஊசி நன்றாகப் பொருந்தினால், ஃப்ளூவோடு டாக்டரிடம் போக வேண்டிய நிலை 40 முதல் 60 சதவீதம் குறையும். பொருந்தாத வருடங்களில் அதற்கும் கீழே. இதைச் சொன்னால் "பாதிக்குப் பாதிதானா?" என்று முகம் சுளிப்பார்கள் என்று பயந்துதான் மறைக்கிறோம். ஆனால் ஊசியின் பெரிய லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. போட்டும் ஃப்ளூ வந்தவர்களுக்கு அது நிமோனியா வரைக்கும், ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் போவது குறைகிறது. உலகம் முழுக்க வருடத்துக்கு 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை ஃப்ளூ தொடர்பான மூச்சுக் கோளாறால் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஐந்து வயதுக்குள் அப்படி இறக்கும் பிள்ளைகளில் 99 சதவீதம் வளரும் நாடுகளில். அந்தக் கணக்கில் மூக்கொழுகலுக்கு இடமே இல்லை.

'சனங்களுக்கு ஊசின்னா பயம்' என்று நினைப்பது

இதைப்போலத் தப்பான பேச்சு வேறு இல்லை. என் கடைக்கு வாருங்கள். காய்ச்சல் என்று வருகிற பத்துப் பேரில் நாலு பேர், "மாத்திரைக்குக் கேக்காதுங்க, ஒரு ஊசி போட்டு விடச் சொல்லுங்க" என்பார்கள். ஊசி போடாத டாக்டரை டாக்டராகவே மதிக்காத ஊர் இது. அவர்கள் மறுப்பது, நோய் இல்லாதபோது போடும் ஊசியை.

"நல்லாத் திரியிற பிள்ளைய எதுக்குப் படுக்க வைக்கணும்?" என்று ஒரு அப்பத்தா கேட்டார். அந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. ஊசி போட்டால் இன்றைக்கு ராத்திரி கை வலிக்கும், பிள்ளை சிணுங்கும். அது கண்ணுக்குத் தெரிகிற கஷ்டம். போடாவிட்டால் கார்த்திகையில் ஃப்ளூ வரலாம், வராமலும் போகலாம். அதுவும் போக, போடாமல் நோய் வந்தால் அது விதி, காத்து, கருப்பு. போட்டபின் ஏதாவது வந்தால்? "நீதான கூட்டிட்டுப் போன" என்று மருமகள் தலையில் விழும். வீட்டில் பழியைச் சுமக்கப் போகிற ஒருத்தியிடம் புள்ளிவிவரம் பேசி என்ன பயன்? ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் மட்டும் எடுத்துச் சொல்லி அனுப்புவது பாதி வேலைதான். முடிந்தால் அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவரையே டாக்டரிடம் கேட்க விடுங்கள். கேட்டு ஒப்புக்கொண்டவர் அப்புறம் பழி போடுவதில்லை.

பயத்துக்குச் சரக்கு சேர்த்த சம்பவங்களும் உண்டு. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா ஊசியைப் பள்ளிகளில் போடத் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால் எத்தனையோ பெற்றோர் அன்றைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பவில்லை. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். 17-ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். நம்ம அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர் என்பதால் இந்த ஊரில் அந்தச் சாவு இன்னும் ஆழமாக இறங்கியது. ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று அந்த வருடமே மத்திய அரசின் ஆய்வுக் குழு சொன்னது, ஆனால் அந்தச் செய்தி எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது? இன்றைக்கும் என் கவுண்டரில், எந்த ஊசிப் பேச்சு வந்தாலும் விவேக் பேச்சும் வருகிறது.

"அடுத்தடுத்து நடந்தா ஒன்னாலதான் இன்னொன்னு" என்று மனசு முடிச்சுப் போட்டுவிடும். ஃப்ளூ ஊசியில் இந்த முடிச்சு சுலபமாக விழும், ஏனென்றால் அதைச் சளி சீசனுக்கு முன்னால் போடுகிறோம். உடம்பு எதிர்ப்பைத் தயார்செய்ய இரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியில், அதே ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்துப் பிள்ளை இருமியதில்கூடத் தொற்றியிருக்கலாம். வழக்கமாகப் போடும் ஊசியில் இருப்பது செயலிழக்க வைத்த வைரஸ். அதனால் ஃப்ளூவை உண்டாக்க முடியாது. போட்ட இடத்தில் வலி, ஒன்றிரண்டு நாள் லேசான காய்ச்சல், உடம்பு வலி வரும். அதற்கு மேல் கில்லன்–பாரே என்ற நரம்புப் பலவீன நோய், பத்து லட்சம் ஊசிக்கு ஒன்றிரண்டு பேருக்கு வரலாம். மறைக்காமல் சொல்லிவிடுவதே நல்லது. ஃப்ளூ வந்தாலும் அதே நோய் வரலாம் என்பதையும் சேர்த்துத்தான்.

அட்டையைப் பார்த்து ஏமாறுவது

படித்தவர்கள் செய்யும் தவறு இது. குழந்தையின் தடுப்பூசி அட்டையில், ஐந்து நோய்க்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட்டுக்குள் 'ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சா பி' என்று இருக்கும். "ஃப்ளூ ஊசிதான் அப்பவே மூணு தடவை போட்டாச்சே" என்று ஓர் ஆசிரியர் என்னிடம் அட்டையை விரித்துக் காட்டினார். அது பாக்டீரியா. மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் தருவது. 1892-ல் ஃபைஃபர் என்ற ஜெர்மானியர் அதைத்தான் ஃப்ளூவுக்குக் காரணம் என்று நம்பிப் பெயர் வைத்துவிட்டார். உண்மையான ஃப்ளூ வைரஸை மனிதரிடமிருந்து பிரித்தெடுத்தது 1933-ல். பெயர் மட்டும் அப்படியே தங்கிப்போய், நூறு வருடம் கழித்து மதுரையில் ஒரு வாத்தியாரைக் குழப்புகிறது.

'முக்கியம்னா கவர்மெண்ட்ல ஓசியில போடமாட்டாங்களா?'

நான் அதிகம் கேட்கும் கேள்வி. பதில் சொல்லச் சிரமமான கேள்வியும்கூட. ஃப்ளூ ஊசி தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. தனியாரில் ஓர் ஊசி ஆயிரம் ரூபாயைத் தாண்டும். முதல் வருடம் சின்னப் பிள்ளைகளுக்கு இரண்டு ஊசி. இரண்டு பிள்ளை இருந்தால் ஒரு கொத்தனாரின் வாரக்கூலி போய்விடும். "இது டாக்டரும் மெடிக்கலும் பங்கு போடுற ஊசி" என்று சந்தேகப்படுகிறவரை நான் எப்படிக் குறை சொல்ல? விற்கிற ஆள் நான்.

ஆனால் இதை மட்டும் சொல்வேன். நிமோகாக்கல் ஊசியும் தனியாரில் ஆயிரக்கணக்கில் விற்றதுதான். 2021 ஜூலையில் தமிழ்நாட்டில் அரசுத் திட்டத்துக்குள் வந்தது, இப்போது இலவசம். 2021-க்கு முன்னால் அது வேண்டாத ஊசியாகவும் அப்புறம் வேண்டியதாகவும் மாறவில்லை. எதை முதலில் இலவசமாகத் தருவது என்று அரசு முடிவு செய்வதில் பணம், நோயின் பாரம், ஊசியை வருடா வருடம் திருப்பிப் போடும் சிரமம் எல்லாம் இருக்கின்றன.

காசு குறைவு என்றால் யாருக்குமே போடாமல் விட்டுவிடுவதுதான் தவறு. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 6 மாதம் முதல் 5 வயது வரை வருடா வருடம் போடச் சொல்கிறது. அதற்கு மேல், ஆஸ்துமா, இருதய நோய் போன்றவை உள்ள பிள்ளைகளுக்கு. 6 மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குப் போட முடியாது. கர்ப்பமாக இருக்கும்போது தாய் போட்டுக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு குழந்தைக்கும் போகிறது. "மாசமா இருக்கிறப்ப ஊசியா?" என்று பதறுகிறவர்கள், அதே மாதங்களில் போடும் ரண ஜன்னி ஊசியை மறந்துவிடுகிறார்கள்.

வீட்டுப் பெரியவர்களை மறப்பது இன்னொன்று. பேரனுக்கு ஊசி வாங்கித் தருகிற தாத்தா, இருபது வருடச் சர்க்கரைக்காரர், "நான் பாக்காத காய்ச்சலாய்யா" என்று சிரிப்பார். என் அம்மாவும் அதே வசனம்தான். ஃப்ளூவில் உயிர் போவது அதிகமாக இந்த வயதுக்காரர்களுக்குத்தான்.

காலம் தப்பிப் போடுவது

வட இந்தியாவில் பெரும்பாலான ஊர்களில் ஜூன் மாத மழைக்குப் பிறகு ஃப்ளூ ஏறுகிறது. சென்னை, வேலூர் கண்காணிப்பில் அது உச்சத்துக்குப் போனது அக்டோபர், நவம்பரில், வடகிழக்குப் பருவமழையோடு. நமக்கும் ஐப்பசி, கார்த்திகைதான் மழை. ஆக, ஆவணி, புரட்டாசியில் போட்டுவிடுவது தோது. அதை விட்டுவிட்டால் 'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்று இருக்க வேண்டாம். கோடை தொடங்கும்போதும் ஃப்ளூ தலைதூக்கும். 2023 மார்ச்சில் எச்3என்2 பரவியபோது தமிழ்நாடு முழுக்க 1,000 இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்தினார்கள்.

ஒரு தடவை போட்டால் போதாதா என்றால், போதாது. வைரஸ் உருமாறிக்கொண்டே இருக்கும். உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியில் வடக்கு அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தெற்குக்கும் புதிய கலவையைச் சொல்கிறது. பெட்டியில் அந்த வருடம் அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். முன்பு ஓர் ஊசியில் நான்கு வகை வைரஸுக்குப் பாதுகாப்பு. இப்போது மூன்று வகைக்கு. "மட்டமானதைக் குடுக்கிறீங்களா?" என்று கேட்கிறார்கள். பி வகையில் யமகாட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கேயும் தென்படவில்லை. இல்லாத ஒன்றுக்கு ஊசி எதற்கு என்று எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

ஒன்பது வயதுக்குள் முதல் தடவையாகப் போடுகிற பிள்ளைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. இரண்டாவதை விடுவதுதான் சாதாரணமாக நடப்பது. பெரும்பாலும் காரணம் மறுப்பு இல்லை. முதல் ஊசி, பிள்ளையின் தாய் தன் அம்மா வீட்டில் இருக்கும்போது, அப்புறம் புருசன் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். அட்டை பீரோவுக்குள் அம்மா வீட்டிலேயே இருக்கும். அட்டையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கி கைப்பையில் போடுவது

இதைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசுவேன். ஃப்ளூ ஊசி 2 முதல் 8 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் உசிலம்பட்டி பஸ்ஸில், சன்னலோரம், பாலிதீன் கவரில் ஒன்றரை மணிநேரம் போனால் என்ன ஆகும்? ஐஸ் பெட்டி தருகிறேன் என்றால், "எதுக்கு, வீட்டுக்குப் போனதும் ஃப்ரீசர்ல வச்சிருவேன்" என்பார்கள். அது அதைவிட மோசம். உறைந்துபோன ஃப்ளூ ஊசி குப்பைக்குத்தான். ஐஸ் கட்டியோடு நேராக ஒட்டி வைத்தாலும் அதே கதைதான். முடிந்தவரை போடுகிற இடத்திலேயே வாங்குங்கள். இதனால் எனக்குத்தான் வியாபாரம் குறையும், சரி.

சில்லறைத் தவறுகள் சிலவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். லேசான மூக்கொழுகலுக்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம், கடுமையான காய்ச்சல் இருந்தால் தள்ளலாம். முட்டை ஒவ்வாமை இப்போது தடையில்லை. ஆனால் முந்தைய ஃப்ளூ ஊசியிலேயே மோசமான ஒவ்வாமை வந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். எச்1என்1-ஐ 'பன்றிக் காய்ச்சல்' என்பதால் பன்றிக்கறி சாப்பிடாதவருக்கு வராது என்பது சரியில்லை, அது மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது. நிலவேம்புக் குடிநீர் குடிப்பவர்கள் குடிக்கட்டும், அதை ஊசிக்குப் பதிலாக எண்ணக் கூடாது. ஜிகர்தண்டாவால் ஃப்ளூ வராது. சொன்னால் யாரும் நம்புவதில்லை.

போட்டிருந்தும் திடீரென்று கடும் காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப் போட்டமாதிரி வலி என்றால் "ஊசி போட்டாச்சே" என்று உட்கார்ந்துவிடாதீர்கள். ஃப்ளூவுக்கான ஒசெல்டாமிவிர் மருந்து 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். பிள்ளை மூச்சிரைத்தால், பால் குடிக்காமல் துவண்டால், அந்த நிமிடமே கிளம்புங்கள். பழைய சீட்டைக் காட்டி ஆன்டிபயாடிக் கேட்டு என்னிடம் வராதீர்கள், வைரஸுக்கு அது கேட்காது.

அந்த செக்கானூரணி அக்கா இப்போதும் வருகிறார். போன மாதம் பெரியவனுக்கு வீசிங் என்று இன்ஹேலர் வாங்கினார். ஆஸ்துமா உள்ள பிள்ளை, ஊசி கட்டாயம் வேண்டிய பிள்ளை. பணத்தை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தவரிடம், "சளி பிடிக்கத்தான் செய்யும்கா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தேன். நிமிர்ந்து பார்த்தார். வெளியே உசிலம்பட்டி வண்டி ஹாரன் அடித்தது. "அடுத்த தடவை வர்றப்ப சொல்லு தம்பி" என்றார்.