போர்ட் ஃபார்வர்டிங் வேலை செய்யவில்லையா? பாக்கெட் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

வெளியிலிருந்து ஒரு போர்ட்டுக்கு, அதாவது ஒரு சேவைக்கான எண்ணிட்ட வாசலுக்கு, வரும் இணைப்பை வீட்டுக் கணினிக்கு அனுப்பும்படி ரூட்டருக்குச் சொல்வதுதான் போர்ட் ஃபார்வர்டிங். அதற்கான விதியை ரூட்டரில் சேர்த்தாயிற்று, சேமித்தாயிற்று, ரீஸ்டார்ட்டும் செய்தாயிற்று. வெளியிலிருந்து இணைப்பு மட்டும் கிடைக்கவில்லை. இந்த நிலையில் பலரும் அதே விதியை அழித்து அழித்துத் திரும்ப எழுதுகிறார்கள். கோளாறு பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை. இணையச் சேவை நிறுவனத்தின் நெட்வொர்க், ரூட்டர், கணினியின் ஃபயர்வால் (இணைப்புகளைத் தடுக்கும் காவல் மென்பொருள்) மூன்றையும் தாண்டித்தான் பாக்கெட் என்ற தரவுத் துண்டு உங்கள் மென்பொருளை வந்தடைகிறது. அது எந்த இடத்தில் நின்றுபோகிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பொது ஐபி இருக்கிறதா?

எல்லாவற்றுக்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். பொது ஐபி என்பது இணையத்திலிருந்து நேரடியாக அடையக்கூடிய முகவரி. ரூட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் ‘இன்டர்நெட் ஐபி’ அல்லது ‘வேன் ஐபி’ என்று ஒரு முகவரி இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, அதே வைஃபையில் விபிஎன் இல்லாமல், உங்கள் ஐபி முகவரியைக் காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றே என்றால் நல்லது. வேறுவேறாக இருந்தால், இந்த ரூட்டரில் மட்டும் எத்தனை விதி எழுதினாலும் பயனில்லை.

ரூட்டர் காட்டும் முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் அது சிஜிநாட் (CGNAT). ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருவதற்காகவே 2012-இல் ஒதுக்கப்பட்ட தொகுதி இது. சில நிறுவனங்கள் 10-இல் தொடங்கும் முகவரிகளையும் இதற்குப் பயன்படுத்துகின்றன. உள்ளே வரும் பாக்கெட் நிறுவனத்தின் கருவியிலேயே நின்றுவிடும். உங்கள் ரூட்டருக்கு அது தெரியவே தெரியாது. நிறுவனத்திடம் பொது ஐபி கேளுங்கள். மாறாத ஐபிதான் வேண்டும் என்பதில்லை. மாறும் பொது ஐபியோடு டைனமிக் டிஎன்எஸ் (மாறும் ஐபியை ஒரே பெயரோடு இணைத்துவைக்கும் சேவை) சேர்த்தால் போதும். அதுவும் கிடைக்காவிட்டால் டெயில்ஸ்கேல், கிளவுட்ஃபிளேர் டனல் போன்ற சேவைகள்தான் வழி. அவை உள்ளிருந்து வெளியே இணைப்பை ஏற்படுத்துவதால் சிஜிநாட் தடையாவதில்லை.

192.168-இல் தொடங்கினால் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இரண்டு ரூட்டர்கள் வரிசையாக இருக்கின்றன. நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டியும் ரூட்டராக ஓடுகிறது, அதன் பின்னால் உங்களுடையதும் ஓடுகிறது. ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரூட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் நிலைக்கு) மாற்றுவதுதான் சுத்தமான தீர்வு. அதற்கு வசதி இல்லையென்றால் இரண்டிலும் விதி எழுத வேண்டும்: முதல் பெட்டி உங்கள் ரூட்டருக்கு அனுப்ப, ரூட்டர் கணினிக்கு அனுப்பும்.

மென்பொருள் இணைப்புக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறதா?

அடுத்து, ரூட்டரை விட்டுவிட்டுக் கணினிக்கு வாருங்கள். விண்டோஸில் நெட்ஸ்டாட் (netstat -an), லினக்ஸில் எஸ்எஸ் (ss -tuln) என்ற கட்டளையை ஓட்டினால் எந்தப் போர்ட் எந்த முகவரியில் திறந்திருக்கிறது என்று தெரியும். உங்கள் போர்ட்டுக்கு எதிரே 0.0.0.0 (கணினியின் எல்லா முகவரிகளும்) என்றோ கணினியின் 192.168 முகவரியோ இருக்க வேண்டும். 127.0.0.1 என்றிருந்தால் மென்பொருள் அதே கணினியிலிருந்து வரும் இணைப்புகளை மட்டுமே ஏற்கிறது. அதன் அமைப்புகளில் இந்த முகவரியை மாற்றினால்தான் மற்றவர்கள் உள்ளே வர முடியும்.

பிறகு அதே வைஃபையிலுள்ள வேறொரு கருவியிலிருந்து, கணினியின் உள்முகவரிக்கு இணைத்துப் பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபயர்வாலைத்தான். விண்டோஸில் நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று குறிக்கப்பட்டிருக்க, ஃபயர்வால் அனுமதி ‘பிரைவேட்’டுக்கு மட்டும் தரப்பட்டிருப்பது அடிக்கடி நடக்கும். உள்ளே கிடைத்துவிட்டது என்பதற்காக ஃபயர்வாலை முழுதாக நம்பிவிடவும் கூடாது. சில அனுமதிகள் உள்நெட்வொர்க்கிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் பொருந்தும்படி இருக்கும். வெளியிலிருந்து வருபவை சத்தமில்லாமல் தடுக்கப்படும்.

விதியில் சறுக்கும் இடங்கள்

நேற்று வேலை செய்தது இன்று செய்யவில்லை என்றால், உள்முகவரி மாறியிருக்க வாய்ப்பு அதிகம். விதி 192.168.1.50-க்கு அனுப்பும், ரூட்டரோ கணினிக்கு இன்று வேறு எண்ணைக் கொடுத்திருக்கும். ரூட்டரின் டிஹெச்சிபி (உள்முகவரிகளை வழங்கும் வசதி) ரிசர்வேஷனில் கணினியின் மேக் முகவரிக்கு (அதன் நெட்வொர்க் கருவியின் அடையாள எண்ணுக்கு) ஒரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.

டிசிபியா யுடிபியா என்பதையும் பாருங்கள். தரவை அனுப்பும் இரண்டு வெவ்வேறு முறைகள் இவை. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு 25565 டிசிபி. பெட்ராக் பதிப்பு 19132 யுடிபி. வயர்கார்டு என்ற விபிஎன் வழக்கமாக 51820 யுடிபி. ‘சோர்ஸ் ஐபி’, ‘சோர்ஸ் போர்ட்’ என்ற கட்டங்கள் இருந்தால் காலியாக விடுங்கள். அங்கே சேவையின் போர்ட் எண்ணைப் போட்டால் விதி கிட்டத்தட்ட யாருக்கும் பொருந்தாது, ஏனென்றால் வெளியிலிருந்து இணைப்பவரின் போர்ட் எண் ஒவ்வொரு முறையும் மாறும்.

சோதிக்கும் முறை

வீட்டு வைஃபையிலிருந்தே பொது ஐபிக்கு இணைத்துச் சோதிக்காதீர்கள். பாக்கெட் வெளியே போகாமல் ரூட்டரிலேயே திரும்ப வேண்டியிருக்கும். எல்லா ரூட்டரும் இதைச் செய்வதில்லை. விதி சரியாக இருந்தும் தோல்வி என்றே காட்டும். கைபேசியில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். போர்ட் சோதிக்கும் தளங்களைப் பயன்படுத்தினால், அவற்றில் பல டிசிபியை மட்டுமே பார்க்கும் என்பதையும், மென்பொருள் ஓடாத நேரத்தில் போர்ட் மூடியதாகவே தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிழைச் செய்தியும் துப்புக் கொடுக்கும். உடனே மறுக்கப்பட்டால் பாக்கெட் ஏதோ ஒரு கருவியை அடைந்திருக்கிறது: மென்பொருள் ஓடவில்லை, அல்லது பாக்கெட் தவறான கருவிக்குப் போகிறது. நெடுநேரம் காத்து டைம்அவுட் ஆனால் வழியில் எங்கோ விழுங்கப்படுகிறது, அல்லது பதில் திரும்பி வரவில்லை.

அது எங்கே என்பதற்கு உறுதியான பதில் வேண்டுமானால் கணினியில், வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து அந்தப் போர்ட்டுக்கு மட்டும் வடிகட்டி வைத்துவிட்டு, மொபைல் டேட்டாவிலிருந்து இணைத்துப் பாருங்கள். டிசிபி என்றால் முதலில் இணைப்பைத் தொடங்கக் கேட்கும் ‘சின்’ பாக்கெட் வர வேண்டும். எதுவுமே வராவிட்டால் தடை கணினிக்கு வெளியே, ரூட்டரிலோ நிறுவனத்திலோ. ‘சின்’ மட்டும் திரும்பத் திரும்ப வந்து பதில் போகவில்லை என்றால் பெரும்பாலும் ஃபயர்வால். ‘சின்-ஆக்’ பதில் போயும் மறுமுனையில் இணைப்பு உண்டாகவில்லை என்றால், பதில் வேறு வழியாகப் போகிறது. கணினியில் விபிஎன் ஓடும்போதும், டிஃபால்ட் கேட்வே (கணினி வெளியே அனுப்பும் வழி) வேறு ரூட்டரைக் காட்டும்போதும் இப்படி ஆகும். மணிக்கணக்கான ஊகத்தை இந்த ஒரு சோதனை மிச்சப்படுத்தும்.

கணினிக்கு எதுவும் வரவில்லை, பொது ஐபியும் சரி என்றால் வெளிப்போர்ட்டை மாற்றிப் பாருங்கள். 25, 80, 443, 445 ஆகியவற்றை வீட்டு இணைப்புகளில் சில நிறுவனங்கள் அடைத்து வைக்கின்றன. ரூட்டரின் தொலைநிர்வாகப் பக்கமும் 80, 443, 8080 போன்றவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். வெளியே 8443, உள்ளே 443 என்று எழுதினால் இரண்டு சிக்கலும் தீரும்.

சோதனைக்காகக் கணினியை டிஎம்இசட்டில் (வெளியிலிருந்து வரும் எல்லாவற்றையும் ஒரே கணினிக்கு அனுப்பும் அமைப்பில்) போட்டிருந்தாலோ ஃபயர்வாலை அணைத்திருந்தாலோ, காரணம் தெரிந்ததும் முதல் வேலையாகப் பழையபடி மாற்றுங்கள். 3389 (ரிமோட் டெஸ்க்டாப்), 445 (கோப்புப் பகிர்வு), 23 (டெல்நெட்) ஆகிய போர்ட்டுகளை இணையத்துக்கு நேரடியாகத் திறக்கவே வேண்டாம். தானியங்கித் தேடல்கள் இவற்றை ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கின்றன. ரிமோட் டெஸ்க்டாப்போ பகிர்ந்த கோப்புகளோ வேண்டுமென்றால், வயர்கார்டுக்கான ஒரே யுடிபி போர்ட்டை மட்டும் திறந்து, மற்ற எல்லாவற்றையும் அதன் வழியாக அணுகுங்கள்.