ரோஸ்கில்டே கதீட்ரல்ல தூங்குற டென்மார்க் ராஜாக்கள்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரங்கம்பாடிக்கு போயிட்டு வர்றவங்க அங்க டென்மார்க்காரங்க கட்டின டான்ஸ்போர்க் கோட்டை போட்டோவ போட்டு, கீழ நாலு வரி டென்மார்க் ராஜா கதையும் எழுதுறது இப்ப நிறைய நடக்குது. எனக்கு ரொம்ப சந்தோஷம் தான். ஆனா அந்த நாலு வரில ஒரு தப்பு இருந்தா அதையே பத்து பேரு காப்பி பண்ணி, யூடியூப் வீடியோவாகி, கடைசில ஸ்கூல் பிள்ளைங்க ப்ராஜெக்ட் நோட்டு வரைக்கும் போயிடுது. அந்த ராஜாக்கள்ல முக்காவாசி பேர் ஒரே இடத்துல அடக்கம் ஆகியிருக்காங்க, கோபன்ஹேகன்ல இருந்து மேற்கால சுமார் 30 கிலோமீட்டர்ல இருக்குற ரோஸ்கில்டே ஊர் கதீட்ரல்ல. அவங்க வாழ்க்கைய தெரிஞ்சுக்க கல்லறைய விட நல்ல இடம் கிடையாதுன்னு நான் நெனைக்கிறேன், ஆனா கல்லறையே ஆள ஏமாத்தவும் செய்யும்.

முதல்ல நம்மள நேரா தொடுற தப்பு. கோட்டையும் பைபிள் அச்சடிச்சதும் ஒரே ராஜா காலத்துல நடந்ததுன்னு எழுதுறாங்க. ரெண்டு பேருமே 'நாலாம்' ராஜா, குழப்பமே அங்க தான். 1620-ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோட ஒப்பந்தம் போட்டு தரங்கம்பாடிய வாங்கினது நாலாம் கிறிஸ்டியன் காலம். தமிழ்ல பைபிள் அச்சடிச்ச மிஷனரி சீகன்பால்க 1705 கடைசில கப்பல் ஏத்தி அனுப்பினது நாலாம் ஃபிரெடெரிக், அவர் இங்க வந்து இறங்கினது 1706-ல. நடுவுல 86 வருஷம் ஓடிப்போச்சு! தரங்கம்பாடி புது எருசலேம் ஆலயத்து முகப்புல கிரீடத்தோட இருக்குற மோனோகிராம், அதாவது பேர் எழுத்த பின்னின சின்னம், இந்த ஃபிரெடெரிக்கோடது, கிறிஸ்டியனோடது இல்ல. சீகன்பால்க் டேனிஷ்காரர்னும் எழுதாதீங்க, அவர் ஜெர்மன்காரர், அனுப்பினது தான் டேனிஷ் ராஜா.

இந்த நம்பர் குழப்பத்துக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. 1513-ல ரெண்டாம் கிறிஸ்டியன் பட்டத்துக்கு வந்ததுல இருந்து 1972 வரைக்கும் கிறிஸ்டியன், ஃபிரெடெரிக், கிறிஸ்டியன், ஃபிரெடெரிக்னு மாறி மாறி தான் வருது, கிறிஸ்டியன் நம்பர் எப்பவும் ஒண்ணு முன்னாடி நிக்கும். அதனால நாலாம் கிறிஸ்டியனுக்கு அடுத்து வர்றது மூணாம் ஃபிரெடெரிக், அப்புறம் அஞ்சாம் கிறிஸ்டியன், அதுக்கப்புறம் தான் நாலாம் ஃபிரெடெரிக். இத ஒரு துண்டு பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டாலே பாதி தப்பு காணாம போயிடும்.

நாலாம் கிறிஸ்டியன் தரங்கம்பாடிக்கு வந்து கோட்டை கட்டினார்னும் படிச்சிருக்கேன். அவர் இந்தியா பக்கமே வந்ததில்ல, கப்பல் கூட்டத்தோட வந்தது அவர் அனுப்பின ஓவே கெத்தே. ராஜாவுக்கு இங்கேருந்து போனது தங்கத் தகட்டுல தமிழ்ல எழுதின ஒரு கடிதம், ரகுநாத நாயக்கர் அனுப்பினது, டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்துல இன்னைக்கும் பத்திரமா இருக்கு. அத நெனச்சாலே எனக்கு சிலிர்க்கும், நம்ம எழுத்து 400 வருஷமா அந்த குளிர்ல கிடக்குது.

நாலாம் கிறிஸ்டியன் வாழ்க்கையும் சாதாரணம் இல்ல. அப்பா 1588-ல சாகும்போது இவருக்கு 11 வயசு கூட முழுசா ஆகல, 1648-ல சாகுற வரைக்கும் கிட்டத்தட்ட 60 வருஷம் ராஜா, டென்மார்க்ல அவ்வளவு காலம் யாரும் ஆண்டதில்ல. கோபன்ஹேகன்ல ரோசன்போர்க் அரண்மனை, வட்ட கோபுரம், பங்குச்சந்தை கட்டடம்னு கட்டிக்கிட்டே இருந்தவரு, ஆனா முப்பதாண்டுப் போர்ல தலைய கொடுத்து 1626-ல லுட்டர்ங்கிற இடத்துல பெரிய தோல்வி, 1644 கடல் சண்டைல ஒரு கண்ணும் போச்சு. அந்த சண்டைல கப்பல் மேல ரத்தத்தோட நிக்கிற மாதிரி ஒரு சுவரோவியம் ரோஸ்கில்டேல அவர் சேப்பல்லயே (கதீட்ரல ஒட்டி கட்டின தனி அறை) இருக்கு, எல்லாரும் அத 'அந்தக் காலத்து படம்'னு போட்டுடுறாங்க. கிடையாது. சேப்பல் கட்ட ஆரம்பிச்சது 1614-ல தான், ஆனா உள்ள வில்ஹெல்ம் மார்ஸ்ட்ரான்ட் அந்த ஓவியத்த வரைஞ்சது 1860-கள்ல, ராஜா செத்து 200 வருஷம் கழிச்சு. பக்கத்துல நிக்கிற சிலையும் தோர்வால்ட்சன் செஞ்சது, அதுவும் 19-ஆம் நூற்றாண்டு தான். அதெல்லாம் பின்னாடி வந்த ஜனங்க அவர எப்படி நெனச்சாங்கன்னு சொல்லும், அவர் எப்படி இருந்தார்னு சொல்லாது. கூட படுத்திருக்குறது முதல் மனைவி அன்னா கத்தரினா. 1615-ல ரெண்டாவதா கட்டின கிர்ஸ்டன் முங்க் அங்க இல்ல, ராணி பட்டம் இல்லாத கல்யாணம், அவங்க கல்லறை ஓடென்ஸ ஊர்ல.

பக்கத்துல யார் இருக்காங்க யார் இல்லன்னு பாக்காம எழுதுறது தான் ரொம்ப பெரிய தப்பு. ஏழாம் கிறிஸ்டியன எடுத்துக்குங்க. மனநோயால கஷ்டப்பட்ட ராஜா, இங்கிலாந்துல இருந்து கட்டிக்கிட்டு வந்த பொண்ணு கரோலின் மாட்டில்டே, ராஜாவோட டாக்டர் ஸ்ட்ரூயன்சே, ராணிக்கும் டாக்டருக்கும் காதலாகிப்போன இந்த மூணு பேர் கதை உலகத்துக்கே தெரியும். ராஜாவும் ராணியும் ரோஸ்கில்டேல பக்கத்துல பக்கத்துல தூங்குறாங்கன்னு பலபேர் முடிச்சிடுறாங்க. ராணி அங்க இல்லவே இல்ல. 1772-ல டாக்டர் தலைய வெட்டினாங்க, விவாகரத்து பண்ணி ராணிய ஜெர்மனில செல்லே ஊருக்கு அனுப்பினாங்க, ரெண்டு பிள்ளைங்களயும் கூட விடல, 1775-ல 23 வயசுல காய்ச்சல்ல அங்கயே செத்துட்டாங்க, கல்லறையும் செல்லே ஊர் சர்ச்ல தான்.

ஆனா கதை அதோட முடியல. அந்த ராணி பெத்த மகன் ஆறாம் ஃபிரெடெரிக் ரோஸ்கில்டேல அப்பா இருக்குற அதே சேப்பல்ல இருக்காரு. ராணியோட மகள் லூயிஸ் அகஸ்டாவ டாக்டருக்கு பொறந்ததுன்னு அப்பவே ஊரெல்லாம் பேசிச்சு, அந்த மகளோட மகள் கரோலின் அமாலியே எட்டாம் கிறிஸ்டியன கட்டி டென்மார்க்குக்கே ராணி ஆகி, அவங்களும் அதே சேப்பல்ல தான் அடக்கம். விரட்டி விட்ட ராணியோட பேத்தி தாத்தா வீட்டுக்குள்ளயே ராணியா வந்து படுத்துட்டா. இந்த எட்டாம் கிறிஸ்டியன் காலத்துல தான் 1845-ல தரங்கம்பாடிய பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு வங்காளத்து செராம்பூரோட சேர்த்து இங்கிலீஷ்காரனுக்கு வித்தாங்கன்னு நமக்கும் ஒரு கணக்கு இருக்கு.

ஏழாம் கிறிஸ்டியன 'பைத்தியக்கார ராஜா'ன்னு ஒரே வார்த்தைல முடிக்கவும் வேண்டாம், அந்த வார்த்தையே எனக்கு பிடிக்கல, நோயாளிய அப்படி சொல்லக்கூடாது. 1784-ல இருந்து மகன் தான் அவர் பேர்ல ஆட்சிய நடத்தினார். 1788-ல விவசாயிகள பொறந்த எஸ்டேட்டோட கட்டிப் போட்டிருந்த சட்டத்த எடுத்தாங்க, 1792-ல அடிமை வியாபாரத்த நிறுத்த ஆணை வந்தது, 1803-ல அமலுக்கு வந்தது, எல்லாம் அவர் கையெழுத்துல தான். தரங்கம்பாடி பக்கம் கிடைக்கிற டேனிஷ் செப்புக் காசுல சி எழுத்தும் 7-ம் பின்னிக்கிட்டு மேல கிரீடம் இருந்தா அது இவரோட காசு, அத நாலாம் கிறிஸ்டியன் காசுன்னு எழுதிடாதீங்க.

நாலாம் ஃபிரெடெரிக் கதைலயும் இதே மாதிரி ஒரு இடைவெளி இருக்கு. மிஷனரி அனுப்பின பக்திமான்னு மட்டும் நாம எழுதுறோம். ராணி லூயிஸ் உயிரோட இருக்கும்போதே 1712-ல அன்னா சோஃபி ரெவென்ட்லோவ்ங்கிற பொண்ண தூக்கிட்டு போய் கல்யாணம் பண்ணவரு, 1721-ல ராணிய அடக்கம் பண்ணின மறுநாளே அன்னா சோஃபிய முறைப்படி கட்டி ராணி ஆக்கினாரு. 1730-ல அவர் சாகவும் மகன் ஆறாம் கிறிஸ்டியன் சித்திய அரண்மனைய விட்டு வெளியேத்திட்டாரு. 1743-ல அவங்க செத்தப்ப ரோஸ்கில்டேல இடம் கொடுத்தாங்க, ஆனா ராஜா பக்கத்துல இல்ல, தனியா வேற சேப்பல்ல. அதனால 'ராணி ராஜாவோட அடக்கம்'னு எழுதுறதுக்கு முன்னாடி எந்த ராணி, எந்த சேப்பல்னு பாருங்க.

இன்னொரு பரவலான தப்பு, டென்மார்க் ராஜாக்கள் எல்லாரும் ரோஸ்கில்டேல தான்னு சொல்றது. ஏறக்குறைய 40 ராஜா ராணிங்க இருக்காங்க, உண்மை, 1995-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்ததுக்கு அதுவும் ஒரு காரணம். ஆனா மூணாம் கிறிஸ்டியன்ல இருந்து தான் அது விடாம நடக்குது. அதுக்கு முன்னாடி வால்டெமார் ராஜாக்கள் ரிங்ஸ்டெட் ஊர்ல, கீழ வரப்போற முதலாம் மார்கரேத்தயோட அப்பா நாலாம் வால்டெமார் சோரோ ஊர்ல, ஹான்ஸ் ராஜாவும் ரெண்டாம் கிறிஸ்டியனும் ஓடென்ஸல. மூணாம் கிறிஸ்டியனையே முதல்ல ஓடென்ஸல வச்சு 1578-ல தான் ரோஸ்கில்டேக்கு கொண்டாந்தாங்க.

பழைய ஆளுங்க விஷயத்துல இன்னும் கவனம் வேணும். ஹரால்ட் புளூடூத், நம்ம போன்ல இருக்குற புளூடூத்துக்கு பேர் கொடுத்தவர், ரோஸ்கில்டேல தான் புதைச்சாங்கன்னு பழைய வரலாறு சொல்லுது, தூண்ல படமும் இருக்கு, ஆனா அவர் எலும்பு கிடைக்கவே இல்ல. இன்னைக்கு பாக்குற செங்கல் கட்டடமும் அவர் கட்டினது இல்ல, அவரோடது மரத்துல கட்டின சர்ச், இது 1170-கள்ல ஆரம்பிச்சது. பக்கத்து தூண்ல ஸ்வெய்ன் எஸ்ட்ரிட்சன், 1047-ல ராஜா ஆனவர். எஸ்ட்ரிட்சன்னா அப்பா பேர்னு நெனச்சிடுவோம், எஸ்ட்ரிட் அவரோட அம்மா. அப்பா உல்ஃப், அவர மச்சான் க்னூட் ராஜாவே ரோஸ்கில்டே சர்ச்ல வச்சு ஆள விட்டு கொன்னதா பழைய கதைங்க சொல்லுது. ராஜ குடும்பத்து ரத்தம் அம்மா வழில தான் வந்தது, அதனால அம்மா பேரு. இன்னொரு தூண்ல அந்த அம்மா இருக்காங்கன்னு நூத்தாண்டு கணக்கா நம்பினாங்க, பெயிண்டிங் கூட இருக்கு. டிஎன்ஏ எடுத்து பார்த்தப்ப ரெண்டு எலும்பும் அம்மா பிள்ளையா இருக்கவே முடியாதுன்னு வந்துடுச்சு, அந்த பெண் வேற யாரோ. பழைய புத்தகத்த பார்த்து 'தாயும் மகனும் எதிரெதிர் தூணில்'னு எழுதுறவங்க இத சேர்த்துக்கணும். முதலாம் கிறிஸ்டியன் உயரமும் அதே கதை தான். சேப்பல் தூண்ல ராஜாக்கள் உயரத்த குறிச்ச கோடு இருக்கு, அதுல அவருக்கு 219 சென்டிமீட்டருக்கு மேல, எலும்ப அளந்து பார்த்தா சுமார் 188.

முதலாம் மார்கரேத்தய 'மூணு நாட்டு ராணி'ன்னு எழுதுறது ஆசையா இருக்கும், ஆனா டென்மார்க்ல அவங்களுக்கு ராணிங்கிற பட்டத்தோட முடி சூட்டல. 10 வயசுல நார்வே ராஜாவுக்கு கட்டி கொடுத்தாங்க, மகன் ஓலுஃப் பேர்ல ஆண்டாங்க, 1387-ல மகன் 16 வயசுல செத்ததும் நாட்டு பெரியவங்க அவங்களயே எல்லா அதிகாரமும் உள்ள தலைவியும் எஜமானருமா ஏத்துக்கிட்டாங்க. எஜமானர்ங்கிற ஆண்பால் பேரும் சேர்த்தே அந்த பட்டம். 1397-ல டென்மார்க், நார்வே, ஸ்வீடன் மூணும் கால்மார்ல ஒண்ணாச்சு, முடி சூட்டினது தத்தெடுத்த எரிக்குக்கு, ஆட்சிய நடத்தின கை மட்டும் இவங்களோடது. 1412-ல ஃப்ளென்ஸ்போர்க் துறைமுகத்துல கப்பல்லயே செத்தாங்க. முதல்ல அப்பா, மகன் பக்கத்துல சோரோல புதைச்சு, அடுத்த வருஷமே பிஷப் ரோஸ்கில்டேக்கு மாத்திட்டாரு. பலிபீடத்துக்கு பின்னாடி வெள்ளையா படுத்திருக்குற அந்த சிலைய பாக்குறவங்க, பையன் இன்னும் சோரோல தனியா இருக்கான்னு தெரிஞ்சு பாத்தா நல்லா இருக்கும்.

பத்தாம் கிறிஸ்டியன் நாஜிகள எதிர்த்து மஞ்சள் நட்சத்திரம் குத்திக்கிட்டார்ங்கிற ஃபார்வேர்ட் வருஷா வருஷம் வருது, அது நடக்கல. டென்மார்க்ல யூதர்கள நட்சத்திரம் குத்த சொல்லி ஆணையே வரல. உண்மைல நடந்தது அதவிட பெருசு, 1943 அக்டோபர்ல சாதாரண ஜனங்க 7,000-க்கு மேல யூதர்கள மீன்பிடி படகுல ஸ்வீடனுக்கு கடத்தி காப்பாத்தினாங்க. அந்த பெருமைய ராஜா தலைல கட்டினா படகுக்காரங்களுக்கு அநியாயம்.

பழைய டூர் புக்க நம்பி எழுதுறவங்களுக்கு கடைசியா ஒண்ணு. ரஷ்ய சக்கரவர்த்தி மனைவியா இருந்த டென்மார்க் இளவரசி டாக்மார் ரோஸ்கில்டேல இருக்காங்கன்னு அதுல இருக்கும். 1928-ல அங்க வச்சது உண்மை தான், 2006-ல சவப்பெட்டிய எடுத்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல புருஷன் பக்கத்துல வச்சுட்டாங்க. ஒன்பதாம் ஃபிரெடெரிக்கும் கட்டடத்துக்குள்ள இல்ல, வெளில திறந்த புல்வெளில. ரெண்டாம் மார்கரேத்த ராணிக்கு கண்ணாடில செஞ்ச கல்லறைய ஒரு சேப்பல்ல வச்சாச்சு, போட்டோவ பார்த்து ராணி செத்துட்டாங்கன்னு இரங்கல் போடுறவங்க இருக்காங்க. அவங்க 2024 ஜனவரி 14-ல பட்டத்த மகன் பத்தாம் ஃபிரெடெரிக்குக்கு விட்டுக்கொடுத்தாங்க, அவ்வளவு தான். கண்ணாடிக்குள்ள புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் உருவமும் இருக்கும், ஆனா இளவரசர் ஹென்ரிக் தனக்கு ராஜா பட்டம் தரலன்னு அங்க படுக்க மாட்டேன்னு 2017-லயே சொல்லிட்டாரு. 2018-ல அவர் சாம்பல்ல பாதிய டென்மார்க் கடல்ல தூவினாங்க, மீதி பாதி ஃப்ரெடென்ஸ்போர்க் அரண்மனை தோட்டத்துல இருக்கு.