நெல்லின் வாசனைக்கு இறுங்கில் உறவு தேடுவோம்

வட்டாப்பளைப் பொங்கல் கூட்டத்தில் யாரோ ஒரு பெரியவர் நம் முகத்தை உற்றுப் பார்த்து, "தம்பி, நீ யாருடைய பிள்ளை?" என்று கேட்பார். முகச்சாயல் அவருக்கு ஓர் ஐயத்தைத்தான் தருகிறது. அப்பப்பா, அம்மம்மா வழியை விசாரித்த பின்பே உறவு உறுதியாகும். வெவ்வேறு இனங்களில் உள்ள பரம்பரையலகுகளின் உறவையும் அப்படியே விசாரிக்க வேண்டும். உயர்தர உயிரியல் படிக்கும் நம் வன்னி மாணவர்கள் கைத்தொலைபேசியிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

நாம் எடுத்துக்கொள்வது நெல்லின் 8ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கும் பி.ஏ.டி.எச் 2 (BADH2) என்ற பரம்பரையலகு. இதற்கு உறவானதை இறுங்கு (sorghum) என்ற தானியத்தில் தேடுவோம். பாஸ்மதி போன்ற நெல்லினங்களில் இது பழுதுபட்டிருப்பதாலேயே சோறு மணக்கிறது.

முதலில் என்.சி.பி.ஐ (NCBI) என்ற உயிரியல் தரவுத் தளத்தின் புரதப் பிரிவில் இதன் பெயரையும் நெல்லின் விஞ்ஞானப் பெயரையும் ஆங்கிலத்தில் இட்டுத் தேடுங்கள். 503 அமினோ அமிலங்கள் கொண்ட முழுப் புரதத்தைத் தெரிவுசெய்து, ஃபாஸ்டா (FASTA) என்ற எழுத்து வரிசை வடிவில் நகலெடுங்கள். குட்டையான வரிசைகளை விட்டுவிடுங்கள். அவை பழுதுபட்ட வாசனை நெல்லுடையவையாக இருக்கலாம். டி.என்.ஏ வரிசை வேண்டாம். ஒரே அமினோ அமிலத்தை டி.என்.ஏயின் பல மும்மைகள் (மூன்றெழுத்துத் தொகுதிகள்) குறிப்பதால், டி.என்.ஏ மாறிய பின்னும் புரதம் மாறாமல் இருக்கலாம். தூரத்து உறவு புரதத்தில்தான் துலங்கும்.

அடுத்து, அதே தளத்தில் புரதங்களை ஒப்பிடும் பிளாஸ்ட் (BLAST) பக்கத்தில் வரிசையை ஒட்டி, உயிரினத்துக்கான கட்டத்தில் இறுங்கின் விஞ்ஞானப் பெயரை இடுங்கள். தளம் தரும் தேடல் எண்ணைக் குறித்து வையுங்கள். மின்சாரம் நின்றாலும் அன்றைக்கே முடிவை மீண்டும் திறக்கலாம். முடிவில் ஒற்றுமை வீதத்தை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம். தற்செயலாக இத்தகைய பொருத்தம் எத்தனை வரலாம் என்று காட்டும் ஈ-பெறுமானம் பூச்சியத்தை எவ்வளவு நெருங்குகிறது, புரதத்தின் எவ்வளவு பகுதி பொருந்துகிறது என்பதையும் பாருங்கள்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அது பெரிய பிழை. முதலிடத்தில் வந்த இறுங்குப் புரதத்தை எடுத்து, இப்போது நெல்லுக்குள் தேடுங்கள். நெல்லில் பி.ஏ.டி.எச் 1 என்ற இன்னொன்று 4ஆம் நிறமூர்த்தத்தில் உண்டு. தேடல் அதனிடம் போகாமல் பி.ஏ.டி.எச் 2இடமே திரும்பி வந்தால், இரண்டும் ஒன்றையொன்று சுட்டுகின்றன. இனங்கள் பிரிந்தபோது பிரிந்த இத்தகைய சோடியை ஓதோலொக் என்பார்கள். ஓர் அலகு இரட்டித்ததால் பிரிந்தவை பரலொக். இந்த இரு சொற்களையும் 1970இல் வோல்டர் ஃபிட்ச் முன்வைத்தார்.

பரலொக் என்றால் ஒரே இனத்துக்குள் மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். நெல்லும் இறுங்கும் சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. பி.ஏ.டி.எச் 1, 2 எனப் பிரிந்த இரட்டிப்பு அதற்கும் முந்தியது. ஆகவே நெல்லின் 1க்கு இறுங்கின் 2 பரலொக்தான், இனம் வேறாக இருந்தாலும்.

இறுதியாக, நெல்லின் 1, 2, இறுங்கின் 1, 2 ஆகிய நான்கு புரதங்களையும் சோயாவின் ஒத்த புரதத்தையும் கிளஸ்டல் ஒமேகா (Clustal Omega) என்ற இணையக் கருவியில் வரிசைப்படுத்தி, உறவு மரம் வரையுங்கள். நெல்லின் 2 இறுங்கின் 2உடன் ஒரே கிளையில் அமர வேண்டும். அமராவிட்டால் முதல் படியில் எடுத்த வரிசை முழுமையானதா என்று திரும்பிப் பாருங்கள். அமர்ந்துவிட்டால், இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன்: வாசனை இறுங்கிலும் வாசனைச் சோயாவிலும் பழுதுபட்டிருப்பது நெல்லின் இந்த அலகுக்கு ஒத்ததே.