நிறக்குறைபாடு: அப்பாவைத் திட்டாதீர்கள், தாய்மாமனைக் கேளுங்கள்

மலேசியாவில் ஒரு பையன் கடையில் பத்து வெள்ளி நோட்டுக்கும் ஐந்து வெள்ளி நோட்டுக்கும் தடுமாறினால் வீட்டில் முதலில் விழுவது திட்டுதான். ஒன்று சிவப்பு, இன்னொன்று பச்சை. சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே பழுப்பாகத் தெரியும் கண்களும் உண்டு என்பது யாருக்கும் உடனே தோன்றாது.

சந்தேகம் வந்ததும் பெற்றோர் செய்யும் தவறு, தக்காளியைக் காட்டி "இது என்ன கலர்?" என்று கேட்பது. இலை பச்சை, தக்காளி சிவப்பு என்று பிள்ளை எப்போதோ மனப்பாடம் செய்திருக்கும், சரியாகவே சொல்லிவிடும். தாள் உரித்த வண்ணக் குச்சிகளைக் கலந்து கொடுத்து, ஒரே நிறத்தைச் சேர்த்து வைக்கச் சொல்லிப் பாருங்கள். அப்புறம் கண் மருத்துவரிடம் போங்கள். புள்ளிகளுக்குள் எண் தேடும் இஷிஹாரா சோதனை 1917-இல் ஜப்பானில் வந்தது. அதைக் கைப்பேசியில் செய்து முடிவு கட்ட வேண்டாம், திரைக்குத் திரை நிறம் மாறும். நீலம், மஞ்சள் குழப்பத்தை அது கண்டுபிடிக்கவும் செய்யாது.

"12 ஆண்களில் ஒருவருக்கு" என்ற கணக்கை அப்படியே நமக்குப் பொருத்துவதும் தவறு. அது வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களுக்கான கணக்கு, சுமார் 8 சதவீதம். ஆசிய ஆண்களில் பொதுவாக 4, 5 சதவீதம் என்பார்கள். அதுவே குறைவில்லை: ஆண் பிள்ளைகள் இருபது, இருபத்தைந்து பேர் படிக்கும் வகுப்பில் ஒருவன் இருக்கலாம். உலகமே கறுப்பு வெள்ளையாகத் தெரிவது வேறு குறை, மிக அரிது.

காரணத்தில்தான் குடும்பங்கள் அதிகம் சண்டை போடுகின்றன. சிவப்பையும் பச்சையையும் உணரும் நிறமிகளுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி என்பதால், கருமுட்டை உருவாகும்போது சில நேரம் ஒன்றோடொன்று கலந்துவிடும், அல்லது ஒன்று விடுபட்டுப்போகும். மகனுக்கு இருப்பது ஒரே எக்ஸ், அதைக் கொடுப்பவர் அம்மா மட்டுமே. அதனால் மகனின் குறைக்கு அப்பா வழியில் காரணம் தேடிப் பயனில்லை. அம்மாவின் அப்பாவையும் தாய்மாமனையும் விசாரியுங்கள். அதற்காக அம்மாவைக் குற்றவாளி ஆக்கவும் வேண்டாம். ஆண்களில் 5 சதவீதம் என்றால், கணக்குப்படி பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் தன் இரண்டு எக்ஸில் ஒன்றில் இதைச் சுமப்பார். பெரும்பாலும் அவருக்கே தெரியாது.

பெண்ணுக்கு இது வரவே வராது என்பது இன்னொரு நம்பிக்கை. அப்பாவுக்குக் குறை இருந்து, அம்மாவும் அதே வகையைச் சுமந்தால் மகளுக்கும் வரலாம். நம் உறவுமுறைக் கல்யாணத்தை இங்கே யோசிக்க வேண்டும். குறை உள்ள தாய்மாமனின் மகளை, அதே குறை உள்ள அவருடைய சகோதரி மகன் கட்டினால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, பாதிக்குப் பாதி வாய்ப்பு. கல்யாணத்தை நிறுத்தும் அளவுக்கு இது பெரிய விஷயமில்லை, ஆனால் தெரிந்துகொள்வது நல்லது.

சிறப்புக் கண்ணாடி பிறவிக் குறையைக் குணமாக்காது. சிலருக்குச் சில நிறங்களின் வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான். பணத்தை அதில் போடுவதற்கு முன், பிள்ளைக்கு எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்ததும் விமானம், மின்சாரம் போன்ற துறைக்குப் போகும் எண்ணம் இருந்தால் அங்கே நிறப் பார்வை கேட்கிறார்களா என்று விசாரியுங்கள். அன்றாடம் சமாளிக்க நிறத்தைத் தவிர வேறு அடையாளங்களும் உண்டு. அம்பாங் ரயில் தடத்துக்கு 3, ஸ்ரீ பெட்டாலிங்குக்கு 4 என்று எண் இருக்கிறது. பிளக்கின் எர்த் வயரைக் கோடு காட்டிக்கொடுக்கும்.

ஆனால் நடுவயதில் திடீரென நிறம் மங்கினால் "பரம்பரை" என்று விட்டுவிடாதீர்கள். பிறவிக் குறை இரண்டு கண்ணிலும் இருக்கும், வயதோடு அதிகமாகாது. புதிதாக வருவதற்கு நீரிழிவு, கண் அழுத்த நோய், கண்புரை காரணமாக இருக்கலாம். காசநோய்க்கு எத்தாம்பியூட்டால் சாப்பிடுகிறவர்களுக்குச் சிவப்பு, பச்சை மங்குவது பார்வை நரம்பு பாதிக்கப்படுவதன் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். அடுத்த முறை போகும்போது சொல்லலாம் என்று காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.