பம்ப் காற்றை இழுத்தால்

ஓய்வு பெற்ற பிறகு குளிர்காலத்தை அரிசோனாவில், குவார்ட்சைட் பக்கத்து லா போசா திடலில்தான் கழிக்கிறோம். அங்கே செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை கட்டில், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள வீட்டு வண்டியை நிறுத்தித் தங்கலாம். போன ஜனவரியில் நண்பர்கள் வந்திருந்த நேரம் பார்த்து, வண்டிக்குள் இருக்கும் குழாய், தண்ணீரை விட்டு விட்டுத் துப்பியது. தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் தள்ளும் பம்ப் நிற்காமல் ஓடியது. தொட்டியில் தண்ணீர் நிறையவே இருந்ததால், எங்கோ காற்றை இழுக்கிறது என்று புரிந்தது.

கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பம்புக்கு முன்னால் உள்ள வடிகட்டியின் கண்ணாடி போன்ற கிண்ணத்தில் குமிழ்கள் சரம் சரமாக ஓடின. பம்பை அணைத்து, தொட்டி வால்வை மூடி, கிண்ணத்தைக் கழற்றினேன். ரப்பர் வளையம் வறண்டு விறைத்துப் போயிருந்தது. சல்லடையில் மணல் வேறு. சல்லடையைக் கழுவி, புது வளையத்தில் குடிநீர்க் குழாய்க்கு உகந்த சிலிக்கோன் கிரீஸ் தடவி, கையாலேயே இறுக்கினேன். ஸ்பேனர் வேண்டாம், பிளாஸ்டிக் மரை போய்விடும். குழாயைத் திறந்ததும் காற்று வெளியேறி தண்ணீர் சீராக விழுந்தது; மூடியதும் பம்ப் நின்றது.

அப்புறம் எல்லோருமாகக் கோஃபா மலையின் பாம் கேன்யன் என்ற பள்ளத்தாக்குக்குக் கிளம்பினோம். பாறை இடுக்கில் தானாக வளர்ந்து நிற்கும் விசிறிப் பனைகளுக்காகவே அங்கே போகலாம். உதிரி வளையங்கள் இப்போது எப்போதும் வண்டியிலேயே இருக்கின்றன.