எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு: சாப்பாட்டிலும் அன்றாட வாழ்க்கையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் பெரும்பாலும் எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். மருத்துவமனையில் கொடுத்த தாளைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடுகிறார்கள். பல தவறுகள் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கின்றன. உடம்பு தேறி, பழைய உடைகள் தொளதொளவென்று ஆகி, இனிப் பயமில்லை என்று தோன்றும்போது மாத்திரை மறக்கிறது, பழைய வேகம் திரும்புகிறது. அந்தக் கட்டத்தில் இருப்பவர்களை நினைத்துத்தான் இதை முக்கியமாக எழுதுகிறேன்.

வயிற்றில் என்ன மாறியிருக்கிறது என்று தெரிந்தால் பாதி விதிகள் தானாகவே புரிந்துவிடும். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் 75 முதல் 80 சதவீதம் வரை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மீதி இருப்பது ஒரு குறுகிய குழாய். பைபாஸ் முறையில் மேலே சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறிய பையை மட்டும் பிரித்து, சிறுகுடலோடு நேராக இணைக்கிறார்கள். உணவு இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் முதல் பகுதியையும் தொடாமலே போய்விடுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது இரைப்பையின் மேல்பகுதியில்தான். ஸ்லீவில் அந்தப் பகுதியே போய்விடுவதால், பல மாதங்களுக்குப் பசி என்பதே தெரியாமல் இருக்கலாம்.

முதல் தவறு, படிகளைத் தாண்டுவது. முதலில் திரவம், பிறகு மசித்தது, பிறகு மென்மையானது, கடைசியில் வழக்கமான உணவு என்று போக மருத்துவமனையைப் பொறுத்து 4 முதல் 8 வாரங்கள் ஆகும். நாக்கு பழகுவதற்காக வைத்த படிகள் இல்லை இவை. உள்ளே தையல் போட்ட இடம் ஆற வேண்டும், அதற்காகத்தான். 'ஒரு துண்டு சாப்பிட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை' என்பதை வைத்து அந்த இடம் ஆறிவிட்டதாக முடிவுகட்ட முடியாது.

அடுத்தது வேகம். என் கணிப்பில் மாற்றுவதற்கு மிகவும் கடினமானது இதுதான். ஏனென்றால் வேகமாகச் சாப்பிடுகிறோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே சரியாக மெல்லாமல் விழுங்கிய ஒரு காய்ந்த கோழித் துண்டு போதும். நெஞ்செலும்புக்குக் கீழே ஏதோ அடைத்த மாதிரி இறுக்கம் வரும், வாயில் எச்சில் கெட்டியாக ஊறிக்கொண்டே இருக்கும், உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது. அப்போது பலரும் செய்வது, தண்ணீர் குடித்து அதைக் கீழே தள்ளப் பார்ப்பது. அது உதவாது. தண்ணீருக்கும் இடமில்லாமல் எல்லாம் சேர்ந்து மேலே வரும். ஆகவே சிறு கரண்டியால் எடுங்கள், விரல் நக அளவுத் துண்டு போதும். கூழாகும் வரை மெல்லுங்கள். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் கரண்டியைக் கீழே வையுங்கள். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 20 முதல் 30 நிமிடங்கள் ஒதுக்குங்கள்.

போதும் என்ற உணர்வும் இப்போது வேறு மாதிரி வரும். வயிறு நிறைந்த சுகத்துக்காகக் காத்திருந்தால் அளவு ஏற்கெனவே தாண்டியிருக்கும். நெஞ்சுக்குக் கீழே லேசான அழுத்தம், திடீரென ஒரு விக்கல், ஒரு தும்மல், மூக்கில் நீர் வழிவது என்று ஆளுக்கு ஆள் அடையாளம் மாறும். உங்களுக்கு எது என்று கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். அது வந்தவுடன் நிறுத்துங்கள். தட்டில் இன்னும் ஒரே ஒரு வாய்தான் மிச்சம் என்றாலும் சரி.

சாப்பிடும்போது தண்ணீர் குடிப்பதும் தவறுதான். இருக்கும் சிறிய இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், உணவையும் சீக்கிரம் கீழே இறக்கிவிடும். சாப்பிட்டு முடித்து 30 நிமிடங்கள் கழித்துக் குடிக்கலாம். ஆனால் இந்த விதியைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்கவே தண்ணீரைக் குறைத்துவிடுகிறவர்களும் உண்டு. ஆரம்ப வாரங்களில் மறுபடி மருத்துவமனைக்குப் போக வைக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று நீரிழப்பு. ஒரு நாளைக்கு குறைந்தது ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும். ஒரே மூச்சில் குடிக்க முடியாது என்பதால் பாட்டிலைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாய் வாயாகக் குடிப்பதுதான் வழி. வாயு நிறைந்த குளிர்பானங்கள் வேண்டாம்.

'பசிக்கவில்லை, அதனால் சாப்பிடவில்லை' என்பதைச் சிலர் பெருமையாகக்கூடச் சொல்கிறார்கள். எடை இன்னும் வேகமாக இறங்கும் என்ற நினைப்பு. இறங்கும்தான், ஆனால் கொழுப்போடு தசையும் கரையும். பசி வராத காலத்தில் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். பொதுவாக நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை என்கிறார்கள். உங்களுக்கான அளவை டயட்டீஷியன் சொல்வார். முட்டை, மீன், கோழி, தயிர், பருப்பு இவற்றை முதலில் சாப்பிடுங்கள், அப்புறம் காய்கறி, கடைசியில் இடமிருந்தால் மாவுச்சத்து.

இதற்கு நேரெதிரான தவறு ஒன்று பின்னால் காத்திருக்கிறது. ஐஸ்கிரீம், சிப்ஸ், பிஸ்கட் போன்றவை எங்கும் அடைக்காது, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். ஒரு முட்டையை முடிக்கத் திணறுகிறவரால் ஒரு பொட்டலம் சிப்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக மாலை முழுக்கக் கொறிக்க முடியும். எடை திரும்ப ஏறுவது பெரும்பாலும் இப்படித்தான். பைபாஸ் செய்தவர்களுக்கு இனிப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. சர்க்கரை நேராகக் குடலில் இறங்குவதால் 10 முதல் 30 நிமிடங்களில் படபடப்பு, வியர்வை, வயிற்றைப் பிடிக்கும் வலி, பேதி வரலாம். இதை டம்பிங் என்பார்கள். ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை தாழ்ந்து கை நடுங்குவதும் இதே வகைதான். நடுக்கம் வந்த நேரத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் வேண்டும். ஆனால் அடிக்கடி வந்தால் உணவு முறையை மாற்ற வேண்டும், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இப்போது மாத்திரைகள். இங்கேதான் எனக்குக் கவலை அதிகம். வைட்டமின், தாது மாத்திரைகள் ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ இல்லை, ஆயுள் முழுக்க. நிறுத்தினால் மறுநாளே தெரியாது என்பதுதான் ஆபத்து. பி12 கல்லீரலில் நிறையச் சேமிப்பில் இருக்கும், தீர வருடக்கணக்கில்கூட ஆகலாம். தீர்ந்த பிறகு பாதம் மரத்துப்போவது, தடுமாற்றம், மறதி என்று வரும். நரம்பு பாதித்துவிட்டால் முழுதாகத் திரும்புமா என்று சொல்ல முடியாது. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்காதீர்கள், ஒன்றை ஒன்று தடுக்கும். இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். கால்சியத்தை ஒரே தடவையில் 500, 600 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தால் உடம்பில் சேராது, பிரித்துப் பிரித்து எடுங்கள். அதிலும் கால்சியம் சிட்ரேட் வகை, அமிலம் குறைந்த வயிற்றில் நன்றாகச் சேரும்.

வாந்தி நிற்காமல் இருந்தால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். தயமின் என்கிற பி1 சில வாரங்களிலேயே தீர்ந்துவிடும். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பம் எல்லாம் அதன் அடையாளங்கள். அது அவசர நிலை, அன்றைக்கே போக வேண்டும்.

தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் பழக்கத்தில் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போடுவதும் ஆகாது, முக்கியமாக பைபாஸ் செய்தவர்களுக்கு. குடலை இணைத்த இடத்தில் புண் வரும். புகைபிடித்தாலும் அதே கதைதான். பாராசிட்டமால் பொதுவாகப் பரவாயில்லை. இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம், கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளும் அப்படியே. எடை இறங்கும்போது பழைய அளவு அதிகமாகிப்போய்ச் சர்க்கரை தாழலாம், மயக்கம் வரலாம். அளவை மருத்துவர் குறைக்க வேண்டும், நீங்கள் அல்ல.

மது முன்பைவிட மிக வேகமாக ஏறும், இறங்க நேரமாகும். சாப்பாட்டில் கிடைத்த ஆறுதல் போனபின் அந்த இடத்துக்கு மது வந்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இதை அறிவுரையாகச் சொல்லவில்லை, நடப்பதாக ஏற்கெனவே தெரிந்த பக்கவிளைவாகச் சொல்கிறேன்.

பெண்களுக்கு ஒன்று. எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் முதல் 12 முதல் 18 மாதங்களுக்குக் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை முழுதாக வேலை செய்யும் என்று நம்ப முடியாது, வேறு முறை பற்றிக் கேளுங்கள். பின்னாளில் கர்ப்பகாலத்தில் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் பரிசோதனை வந்தால், அறுவை சிகிச்சை நடந்ததை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தப் பானமே டம்பிங்கைத் தூண்டும்.

மூன்றாவது மாதம் முதல் பலருக்கு முடி கொட்டும். பயந்துபோய் எண்ணெய்க்கும் ஷாம்புவுக்கும் அலைய வேண்டாம். வேகமான எடைக்குறைவின் விளைவு அது, பெரும்பாலும் திரும்ப வளரும்; புரதமும் இரும்பும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எடை சில வாரம் அசையாமல் நிற்பதும் இயல்பு. தினமும் எடை பார்ப்பதை விட்டுவிட்டு வாரம் ஒரு தடவை பார்த்தால் போதும்.

வீட்டுக்கு வந்த முதல் நாட்களில் நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டி ஓடினாலோ, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, தோள்பட்டை வலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் இருந்தாலோ காலை வரை காத்திருக்காதீர்கள். தையல் கசிவாகவோ இரத்தக் கட்டியாகவோ இருக்கலாம். சில மாதங்கள் கழித்து, சாப்பிட்டபின் வலது மேல்வயிற்றில் வலி வந்தால் பித்தப்பைக் கல்லா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் வருடத்துக்குப் பிறகு பலருக்கும் கொஞ்சம் எடை ஏறும். அப்போது செய்யும் தவறுதான் மிகவும் வருத்தம் தருவது: வெட்கப்பட்டு வருடாந்திரப் பரிசோதனைக்கே போகாமல் இருப்பது. ஏறியதற்குக் கொறிப்பது காரணமாக இருக்கலாம், வேறு நோய்க்கு எடுக்கும் மருந்தாக இருக்கலாம், பை விரிந்ததாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. எது என்று கண்டுபிடிக்க அந்த வருகை தேவை, இரும்பு, பி12, வைட்டமின் டி அளவுகளைப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையும் அதே நாளில் முடிந்துவிடும். எடை ஏறியிருந்தால் அந்தத் தேதியைத் தள்ளிப்போடாமல் முன்னுக்குக் கொண்டுவாருங்கள்.